ஆட்டம் முடிந்ததும் வருகிறேன்

சின்னக் காஞ்சிபுரம்,
1971, ஆனி மாதம், வியாழக்கிழமை.

சிரஞ்சீவி குமாரசாமிக்கு மாமா கைலாசம் மனப்பூர்வமாக ஆசீர்வதித்து எழுதுவது. நெய்வேலியில் நீயும் பூவம்மாளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க நம் வரதராஜப் பெருமாள் துணை நிற்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆகையால் அதையும் எழுதிவிடுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். இனி நிஜத்தை எழுதுகிறேன்.

உன் கார்டு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. “அப்பாவை இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்கிறேன் என்று இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் ‘ஆட்டம் முடிந்ததும் வருகிறேன்’ என்று ஒரே பதில் போடுகிறார். என்ன ஆட்டம் மாமா அது? எப்போது முடியும்?” என்று கேட்டிருக்கிறாய். கார்டில் கேட்டதற்குக் கார்டில் பதில் எழுதுவதுதான் மரியாதை என்று எழுத உட்கார்ந்தேன். ‘கேரம் ஆட்டம்’ என்று எழுதியதும் முதல் கேள்வி தீர்ந்துவிட்டது. இரண்டாவது கேள்விக்குக் கார்டில் இடம் போதாது. வெள்ளைத்தாள் எடுத்துக்கொண்டேன். இதைப் பார்த்த உன் அத்தை லோகாம்பாள், “கேரத்துக்கு இம்மாம் பெரிய காயிதமா, கேஸ் கீஸ் போடப் போறியா?” என்று கேட்டாள். போட்டாலும் தப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொல்லாவிட்டால் எனக்கு வராது. நான் வாலாஜாபாத் ஸ்டேஷனில் டிக்கெட் கலெக்டராக இருந்து ரிடையர் ஆகி வீட்டுக்கு வந்தேன். வந்த கையோடு என் தங்கை, உன் அம்மா அம்சா, போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்து நீ ஊருக்குப் போனாய். உன் அப்பா தறியில் போய் உட்காருவார், நெய்ய மாட்டார். சோறு கொண்டுபோய் வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும். நான் தினமும் போய் எதிரில் உட்காருவேன். எங்கள் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. அவளைப் பற்றிப் பேசினால் அழுதுவிடுவோம், அவளை விட்டால் பேசுவதற்கு வேறு விஷயம் கிடையாது. நடுவில் ஏதாவது ஒரு பலகை இருந்தால் தேவலை என்று பட்டது. ரோட்டோரப் படிப்பகத்தில் ஒரு கேரம் பலகை இருக்கிறதே, அங்கே அவரை இழுத்துக்கொண்டு போனேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

உன் அப்பா துரைக்கண்ணு நல்ல நெசவாளி என்று ஊருக்கே தெரியும். நல்ல ஆட்டக்காரர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் ஒரு காயைப் போடுவதற்குள் அவர் பலகையைக் காலி செய்துவிடுவார். சொல்லியனுப்பிய டீ வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். நான் தோற்பதைப் பார்க்க, பேப்பர் படிக்க வந்தவர்கள் எல்லாம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து நின்றார்கள். கொஞ்ச நாள் இப்படிப் போனது. ஒரு நாள் உன் அப்பா ஸ்டிரைக்கரைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் தான் எந்தக் காயையும் நேராக அடிக்கப் போவதில்லை, பலகையின் ஓரக் கட்டையில் பட்டுத் திரும்பி வந்துதான் அடிக்கப் போவதாகச் சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே தன் கையைத் தானே கட்டிக்கொண்டார். எனக்கு அது திமிர் என்று பட்டது. எனக்குச் சலுகை காட்டுகிறாரா என்று கோபம் வந்து, அந்த ரூலை நானும் எனக்குப் போட்டுக்கொண்டேன். விளைவு, முன்பு டீ வருவதற்குள் தோற்றுக்கொண்டிருந்தவன் பிறகு இருட்டுகிற வரை தோற்றேன்.

அதற்கப்புறம் ரூல் மேல் ரூல். நானும் சும்மா இருக்கவில்லை. வேடிக்கை பார்ப்பவர்கள் யோசனை சொல்லுவதும் உன் அப்பா அவர்களோடு வம்பளப்பதும் பிடிக்காமல், ஆட்டத்தின் நடுவே வாய் திறந்தவன் தான் போட்ட காயில் ஒன்றைத் திரும்பப் பலகையில் வைக்க வேண்டும் என்று நான் ஒரு ரூல் கொண்டுவந்தேன். அன்றைக்கே லோகாம்பாள் வந்து பெட்டிச் சாவி எங்கே என்று கேட்டாள். பரண்மேல் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தால் ஒரு காய் போய்விடும். மேலே கையைக் காட்டினேன். நான் ஆண்டவனைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் அம்மிக்கல்லால் பூட்டை உடைத்துவிட்டாள். என் அப்பா காலத்துப் பூட்டு அது. ஆட்டத்திலும் அன்றைக்கு நான்தான் தோற்றேன்.

ஆட்டம் முடியாமல் யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது உன் அப்பாவின் அடுத்த ரூல். போன வருஷம் வைகாசி கருடசேவை அன்று விடிந்ததும் பெருமாள் வருவதற்குள் ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தோம். கட்டையில் பட்டுத் திரும்பி வந்து காய் விழுந்து அது எந்தக் காலத்தில் முடிவது? மேளச் சத்தம் கேட்டது, குடை தெரிந்தது, படிப்பகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். கடவுள் இல்லை என்று போர்டு எழுதுகிற முனுசாமிகூட, அவன்தான் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறவன், கூட்டத்தை ஒழுங்கு செய்வதாகச் சொல்லிக்கொண்டு போய் நின்றான். நாங்கள் இரண்டு பேரும் பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். லோகாம்பாள் கற்பூரத் தட்டோடு உள்ளே வந்து எல்லோர் காதிலும் விழும்படி, “பெருமாளு வாசல்ல வந்து நிக்கிறாரு. ரெண்டு கெழம் பலகைய பாத்துக்கினு குந்திக்கினு இருக்குது” என்றாள். உன் அப்பா உட்கார்ந்தபடியே கையை உயர்த்திக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்கி ஒரு காயைப் போட்டார். அந்தப் பாவம்தான் பிறகு வந்து விடிந்தது என்பது உன் அத்தையின் கட்சி. அப்படியானால் முதுகைக் காட்டிய எனக்கல்லவா முதலில் வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

தை மாதம் நடந்தது உனக்குத் தந்தியில் தெரிந்ததுதான். தந்தியில் எழுத முடியாததை இப்போது எழுதுகிறேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. உன் அப்பா முறை. குழி ஓரத்தில் ஒரு காய், கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அவர் அடித்தார், ஸ்டிரைக்கர் எங்கோ போயிற்று. அந்த மாதிரி அடியைத் தவறவிடுகிற மனிதர் அல்ல அவர். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. “மாப்ளே” என்று கத்திக்கொண்டு எழுந்தேன். முனுசாமி ஓடிப்போய் வண்டி பிடித்து வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர், கை மரத்துப்போனது எப்போது தெரிந்தது என்று பிறகு கேட்டபோது, ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தெரிந்தது என்று உன் அப்பா குழறிக் குழறிச் சொன்னார். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டார். உன் அப்பா சொன்ன பதில், “பேசினா ஒரு காய் போயிடும்.” டாக்டர் சின்னப் பையன், புத்தி தடுமாறிவிட்டது என்று சீட்டில் எழுதிக்கொண்டான். நான் மறுக்கவில்லை. டாக்டர் போனதும் உன் அப்பா நல்ல கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, கத்தியது நான், எழுந்தது நான், ஆகையால் காய் வைக்க வேண்டியவனும் நான்தான் என்று ஞாபகப்படுத்தினார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு மனிதர் இடிந்து போனார். வலது கை தோளிலிருந்து துணிமூட்டை மாதிரி தொங்கியது. படிப்பகத்துக்கு வாரும் என்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெஞ்சினால் வருகிறவர் அல்ல. பரிதாபப்பட்டால் வாசலைக் காட்டுவார். ஆகையால் நான் ஒரு நாள் போய், எனக்கு வலது கையால் ஆடி அலுத்துவிட்டது, இடது கையால் மட்டும் ஆடுவது என்று ரூல் போட்டுக்கொண்டிருக்கிறேன், வேண்டுமானால் வந்து பாரும், வராவிட்டால் முனுசாமியோடு ஆடிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்காகப் போட்ட ரூல் என்று நீ நினைத்துவிடாதே. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். மறுநாள் அவர் காலை இழுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

இங்கேதான் நான் மோசம் போனேன். நாம் தறிக்காரக் குடும்பம். என் அப்பாவும் தறிக்குழியில் உட்கார்ந்தவர்தான். நான்தான் குழியில் கால் விடமாட்டேன் என்று ரயில்வேக்குப் போனவன். போனதில் ஒரு விஷயம் மறந்துபோயிற்று. தறியில் நூல் சுற்றிய நாடாவை வலது கை எறிந்தால் இடது கை பிடிக்க வேண்டும், அடுத்த இழைக்கு இடது கை எறிந்தால் வலது கை பிடிக்க வேண்டும். சின்ன வயசிலிருந்து இதுதான் உன் அப்பாவுக்கு வேலை. அவருக்கு இடது கை என்று ஒன்று கிடையவே கிடையாது. இரண்டும் வலது கைதான், அதில் ஒன்று போயிருக்கிறது. எனக்கோ இடது கை டிக்கெட்டைக்கூட வாங்கிப் பழகாத கை. வாதம் வந்தவரைத் தேற்றப் போய் அவரிடமே தினமும் உதை வாங்கியவன் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். படிப்பகத்தில் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். வாய் இன்னும் சரியாகாததால் அரைச் சிரிப்பு. அம்சா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆகவே எனக்குக் கோபம் வரவில்லை, அடுத்த ஆட்டத்துக்குக் காயை அடுக்கினேன்.

சித்திரையில் உன் முதல் கார்டு அவருக்கு வந்தது. அதற்கு அடுத்த நாள் உன் அப்பா ஒரு புது ரூலோடு வந்தார். நடுவில் இருக்கும் சிவப்புக் காயைக் கடைசியில்தான் போட வேண்டும், கறுப்பு வெள்ளை எல்லாம் போன பிறகுதான் அதைத் தொட வேண்டும் என்றார். நல்ல ரூல், கஷ்டமான ரூல் என்று ஒப்புக்கொண்டேன். இன்னும் சில நாள் கழித்து வேறொன்று சொன்னார். சிவப்பைப் போட்டவன் அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றைப் போட வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு திரும்ப நடுவுக்கு வந்துவிடும் என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். அதற்கு ஃபாலோ என்று பெயர். அந்த ஃபாலோவில் மட்டும் யாருக்கும் எந்தச் சலுகையும் கிடையாது என்றார். அதுவும் நியாயம் என்று ஒப்புக்கொண்டேன். ரூல் புஸ்தகத்தோடு குடித்தனம் நடத்தியவன் நான். இரண்டு ரூலையும் தனித்தனியாகப் பார்த்தேன், தனித்தனியாக இரண்டும் சரி. சேர்த்துப் பார்க்கத் தவறிவிட்டேன்.

அந்த ஆட்டம்தான் இன்னும் நடக்கிறது. கறுப்பும் வெள்ளையும் எப்போதோ போய்விட்டன. பலகையில் சிவப்பு ஒன்றுதான் இருக்கிறது. உன் அப்பா அதைப் போடுவார். ஃபாலோ போட அவருக்குக் காய் ஏது? பேசாமல் குழியில் கைவிட்டுச் சிவப்பை எடுத்து நடுவில் வைப்பார். எப்போதாவது பெருமாள் கண் திறந்து நான் போடுவேன். எனக்கும் காய் ஏது? நானும் எடுத்து நடுவில் வைப்பேன். எழுந்திருக்கக் கூடாது என்ற ரூலை இருட்டுகிற வரைக்கும் என்று தளர்த்திக்கொண்டோம். இருட்டியதும் பலகையை எடுக்காமல், அசைக்காமல், மேலே போர்வையைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். மறுநாள் போர்வையை எடுத்தால் சிவப்பு எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிணத்தை மூடிவைத்த மாதிரி இருக்கிறது, படிக்க வருகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்று முனுசாமி புலம்புகிறான். இளவட்டங்களுக்கு ஆடப் பலகை இல்லை. இரண்டு கிழவர்களின் ஏகபோகம் ஒழிக என்று சுவரில் கரியால் எழுதிவிட்டார்கள். முனுசாமி ஒரு நாள் தரை பெருக்கும்போது பலகை நகர்ந்து, சிவப்பு இருந்த இடம் மாறி, அது எங்கே இருந்தது என்பதில் எனக்கும் உன் அப்பாவுக்கும் தகராறு வந்து, தெருப் பெரியவர்கள் வந்து மத்தியஸ்தம் செய்யும்படி ஆகிவிட்டது.

ஆட்டத்தில் தப்புச் செய்து ஃபைன் கட்டினால் போட்ட காய் ஒன்று திரும்பப் பலகைக்கு வருமே, அப்படியாவது ஃபாலோவுக்கு ஒரு காய் கிடைக்குமே என்று நீ கேட்பாய். உன் அப்பா ஸ்டிரைக்கரைக் குழிக்குள் விட்டு நான் பார்த்ததில்லை. நானும் ஆடத் தெரியாதவனே தவிர ஃபைன் கட்டுகிறவன் அல்ல. டிக்கெட் இல்லாதவர்களிடம் ஃபைன் வாங்கிய கை இது. இந்தக் கை எங்கேயும் ஃபைன் கட்டக் கூடாது என்பது நான் எனக்குப் போட்டுக்கொண்ட ரூல்களுக்குள் மூத்தது. கேரத்தில் இன்றுவரை நான் ஸ்டிரைக்கரைக் குழியில் விட்டதில்லை. பேச்சையோ, தை மாதத்திலிருந்து நாங்கள் இரண்டு பேருமே பலகையில் உட்கார்ந்தால் விட்டுவிட்டோம்.

இப்படியே தூங்குமூஞ்சியாக ஆடிக்கொண்டிருந்த எனக்குச் செவ்வாய்க்கிழமை உன் கார்டைப் பார்த்துத்தான் கண் திறந்தது. எப்போது முடியும் என்று கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் கண்டுபிடிக்க உட்கார்ந்து இரண்டு ரூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தேன். சிவப்பு கடைசியில்தான் விழ வேண்டும். விழுந்த பிறகு இன்னொரு காய் விழ வேண்டும். கடைசிக்கு அப்புறம் ஏது காய்? இந்த ஆட்டம் முடியவே முடியாது. அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவரை நிறுத்தி, ரூலை இப்படிப் போட்டால் ஆட்டம் முடியாதே, இது தெரிந்து செய்ததா தெரியாமல் செய்ததா என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்ச தூரம் காலை இழுத்து நடந்தார். பிறகு சொன்னார்:

“தெரிஞ்சிதான் மச்சான். முடிஞ்சா குமாரு வந்து இட்டுக்கினு போயிடுவான். அவன் மேல எனக்கு உசுருதான். ஆனா அங்க போனா நான் சீக்காளி. இங்க ஆட்டக்காரன்.”

 ஆதியிலிருந்து அவர் போட்ட ரூல்கள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. நேராக அடிக்கக் கூடாது என்றது, எழுந்திருக்கக் கூடாது என்றது. டீ வருவதற்குள் ஆட்டம் முடிந்தால் அவர் அம்சா இல்லாத வீட்டுக்குத்தானே போயிருக்க வேண்டும். அதைத் திமிர் என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

இதோடு இருந்திருந்தால் உனக்கு வேறு ஏதாவது பொய் எழுதி ஆட்டத்தை நடத்திக்கொண்டிருப்பேன். நேற்று புதன்கிழமை காலை அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். லோகாம்பாள் காபி கொண்டுபோனபோது மல்லாந்து கிடக்கிறார். எவ்வளவு நேரமாகக் கிடந்தார் என்று சொல்லவில்லை. வேட்டி வெயிலில் காய்ந்துபோயிருந்ததாம். அவள் அலறியதற்கு, “கத்தாதம்மா, ஆட்டத்த யோசிச்சிக்கினு இருக்கேன்” என்றாராம். எலும்பு முறிவு இல்லை, முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் எழுப்பி உட்கார வைத்தபோது நல்ல கையும் நடுங்கிற்று என்றாள். இரவெல்லாம் யோசித்தேன். அவர் இங்கே இருந்து நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால், ஆட்டத்துக்காக அவரைப் பிடித்து வைத்துக்கொண்டவன் என்று நீ கேட்கமாட்டாய், உன் அம்மா கேட்பாள். எனக்கும் அவரை விட்டால் ஆள் கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்கே சாயங்காலம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். அவர் போய்விட்டால் அந்த ரோட்டில் எனக்கு என்ன வேலை என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. இதை எழுத வெட்கம்தான், எழுதிவிட்டேன்.

ஆகவே நான் முடிவு செய்தது இது. நாளை வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா ரூலையும் ரத்து செய்துவிட்டு, சிவப்பைப் போட்டவன் ஜெயித்தான் என்று அறிவித்து, இந்த ஆட்டத்தை நான் முடித்துவிடப் போகிறேன். முடித்த பிறகுதான் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பேன். இது உன் கையில் இருக்கிறது என்றால் ஆட்டம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போ. சொன்ன சொல் மாறுகிறவர் அல்ல, ஆட்டம் முடிந்தால் வந்துவிடுவார். பெட்டியை லோகாம்பாள் கட்டி வைப்பாள். நெய்வேலியில் அவரை ஒரு மூலையில் உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்காதே. எதிரில் உட்கார ஒரு ஆளைப் பிடித்துக் கொடு. தோற்கத் தெரிந்தவனாகப் பார்.

பூவம்மாளுக்கும் குழந்தைக்கும் என் ஆசி. லோகாம்பாள் உங்கள் எல்லோரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். எல்லோரும் தீர்க்காயுசாக இருங்கள். வயசாகும்போது கூட ஆட ஒரு ஆளையும் பெருமாள் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
கைலாசம்.

பி.கு. சனிக்கிழமை காலை. மேலே எழுதியதை நம்பி பஸ் ஏறிவிடாதே. ஆட்டம் முடியவில்லை.

நேற்று சாயங்காலம் சொன்னபடியே செய்தேன். பலகையில் உட்காருவதற்கு முன்னாலேயே, இன்றைக்கு ஃபாலோ இல்லை, கட்டை இல்லை, இடது கை இல்லை, சிவப்பைப் போட்டவன் ஜெயித்தான் என்று முனுசாமி முதலானோர் முன்னிலையில் அறிவித்தேன். பேசக் கூடாது என்ற ஒரு ரூலை மட்டும் வைத்துக்கொண்டேன். அவர் ஏதாவது பேசினால் நான் மனசு மாறிவிடுவேன் என்று பயம். உன் அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி என்று தலையாட்டினார். முதல் அடி அவருடையது. சிவப்பு நடுவில் இருந்தது. நேராக அடித்தால் பச்சைக் குழந்தை போடும். அவர் அடித்தார், சிவப்பு போய்க் குழியின் விளிம்பில் நின்றுவிட்டது.  தை மாதம் மாதிரியே இருந்தது. பதறி முகத்தைப் பார்த்தேன். வாய் நேராகத்தான் இருந்தது. கை நடுங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் முறை. சிவப்பு குழியின் வாயில் நிற்கிறது, ஊதினால் விழும். வலது கையால் அடித்தேன். ஸ்டிரைக்கர் சிவப்பைத் தொடாமல் பக்கத்துக் குழிக்குள் போய் விழுந்துவிட்டது. பவுடர் நமத்துப்போயிருந்தது, வேறொன்றும் இல்லை.  உன் அப்பாதான் பேசினார். “ஃபைன் மச்சான். ஒரு காய் வை” என்றார். பேசினதற்காகத் தானும் ஒரு காயை எடுத்து வைத்தார். இப்போது பலகையில் எனக்கு ஒரு வெள்ளை, அவருக்கு ஒரு கறுப்பு, சிவப்பு ஒன்று.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், இனி ஆட்டம் நியாயப்படியே முடியக்கூடும். தன் காயை மிச்சம் வைத்துக்கொண்டு முதலில் சிவப்பைப் போட்டுவிட்டு அதை ஃபாலோ போட்டால் தீர்ந்தது. இதை உத்தேசித்து, ரத்து செய்த ரூல்களை எல்லாம் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். போதாததற்கு நாளையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஆடுவது என்று எனக்கு ஒரு ரூல் போட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அப்பாவும் அதை ஏற்றுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பவுடர் நமத்த விஷயத்தைச் சொன்னதற்கு லோகாம்பாள், “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அந்த மனுசன் இனிமே நம்ம ஊட்லயே படுத்துக்கட்டும். கெணத்தாண்ட தனியா போவக் கூடாது, இது நான் போடற ரூலு” என்றாள். நேற்று இரவே அவர் பாய் இங்கே வந்துவிட்டது. இது எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரிந்தவர் கருடசேவை அன்றைக்குக் குடைக்குக் கீழே போனார், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவரைக் கூட்டிக்கொண்டு போவதற்காக வராதே. பார்க்க வா. வரும்போது நல்ல கேரம் பவுடர் வாங்கி வா. பெரிய டப்பாவாக.